தயிர்சாத மாப்பிள்ளை

போன மாதம் எங்கள் குடியிருப்பு லிஃப்டில் ஒரு நாய் ஜட்டி போட்டுக்கொண்டு நின்றது. இளஞ்சிவப்பு நிறம், ஓரத்தில் சுருக்கு வைத்துத் தைத்தது, வாலுக்கென்று தனியாக ஓட்டை. சங்கிலியைப் பிடித்திருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "பீரியட்ஸ், அங்கிள்" என்றாள். லிஃப்டில் என்னைத் தவிர இன்னும் இரண்டு ஆண்கள். அவர்கள் உடனே மாடி எண் காட்டும் விளக்கை, ஏதோ தந்தி வந்ததுபோல உற்றுப் படிக்க ஆரம்பித்தார்கள். நானும் சேர்ந்து படித்தேன்.

நாயின் மேல் பவுடர் வாசனை. நாய்க்கென்றே கடையில் விற்கிறார்களாம். ஆனால் என் மூக்கில் ஏறியது நீலகிரித் தைலம். உங்களுக்கு அந்த வாசனை ஜலதோஷத்தை ஞாபகப்படுத்தலாம். எனக்கு அது எங்கள் பழைய நாய் பிங்கியையும், முன்பு குடியிருந்த வானவடியையும், ஒரு கூட்டம் தெருநாய்களையும், ரொம்ப நல்ல பிள்ளை என்று பேர் வாங்கியிருந்த ஒரு பொமரேனியனையும் ஞாபகப்படுத்துகிறது.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமான புதிது. மராத்திச் சீமையில், ரஞ்சன்காவில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலையாவது கிடைத்ததே என்று குடியாத்தத்தில் பேசிக்கொண்டார்கள். படிப்புதான் நின்றதே தவிர, கவலைப்படுவதில் நான் பள்ளிக்கூடத்துக்குப் பிறகும் விடாமல் முன்னேறிக்கொண்டிருந்தேன். கேஸ் அடுப்பை மூடினோமா என்ற கவலை பஸ் ஏறியதும் வரும். மூடினோம் என்று ஞாபகம் வந்தால், மூடியது நேற்றாக இருக்குமோ என்று அடுத்த கவலை.

வீடு வானவடியில், ராணுவக் குவார்ட்டர்ஸ் பக்கம். காகாவின் காம்பவுண்டுக்குள் பின்பக்கம் இரண்டு அறை. அங்கே வயதானவரைக் காகா என்றுதான் கூப்பிடுவார்கள். நம் ஊரில் சித்தப்பா என்பதுபோல. ராணுவ அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் கிளார்க், நடை கர்னல். மனைவி போய்விட்டார், பிள்ளைகள் பம்பாயில். முன்வீட்டில் தனியாக இருந்தார். அவர் வருவதற்கு முன்பு அவருடைய கோலாப்பூர் செருப்பு வரும். எண்ணெய் போட்டுப் போட்டுக் கறுத்த தோல், ஒவ்வோர் அடிக்கும் கிரீச் கிரீச்சென்று. அந்தச் சத்தம் கேட்டால் நான் வேட்டியைச் சரிசெய்துகொள்வேன்.

பிங்கி எங்களிடம் வந்தது ஒரு ஹவில்தார் புண்ணியத்தில். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள், குவார்ட்டர்ஸில் இருந்தார். அசாமுக்குப் போஸ்டிங் ஆனதும் பீரோவை ஒருவருக்கு, சைக்கிளை ஒருவருக்கு, குட்டியை எனக்கு என்று பிரித்துக் கொடுத்தார். "அப்பன் அல்சேஷன்டா, அசல் ஜாதி" என்றார். அம்மா யாரு என்று கேட்டேன். "அத்த இன்னாத்துக்குக் கேக்குற, புடி" என்று கையில் திணித்துவிட்டு ரயிலேறினார்.

காகா குட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். அணிவகுப்பைப் பார்வையிடுகிற மாதிரி. பிறகு சட்டம் சொன்னார். "ஏக் ஹை, டீக் ஹை. தோ ஹுவா, கம்ரா காலி." ஒன்று இருக்கலாம். இரண்டாவது வந்தால் அறையைக் காலி செய்ய வேண்டும். நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கு அது ஒரு கை அளவுதான் இருந்தது; அதற்கு இன்னொன்று எங்கேயிருந்து வரும் என்று எனக்கு யோசனை போகவில்லை. உலகத்தில் எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிறவன், கவலைப்பட வேண்டிய ஒரே இடத்தில் நிம்மதியாக இருந்தேன்.

என் வீட்டுக்காரி சரசுவுக்கு அப்போது ஹிந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. நான் விடியுமுன் கம்பெனி பஸ்ஸைப் பிடித்தால் இருட்டித்தான் திரும்புவேன். பகல் முழுக்க அவள் தமிழ் கேட்கிற ஒரே ஜீவன் பிங்கி. அரிசி களைவதிலிருந்து அண்ணி செய்த அநியாயம் வரைக்கும் எல்லாவற்றையும் அதனிடம்தான் சொல்வாள். அதுவும் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கேட்கும். நான் அப்படிக் கேட்டதில்லை என்று சரசு இன்றைக்கும் சொல்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிமெண்ட் தரையில் அங்கங்கே சிவப்புச் சொட்டு. எனக்கு உயிர் போய்விட்டது. கண்ணாடி மிதித்துவிட்டது என்று நான்கு காலையும் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். பிறகு கட்டிலுக்கடியில் படுத்துக் கண்ணாடித் துண்டு தேடினேன். சரசு அடுப்படியில் நின்று கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"எந்திரிய்யா. காலுல ஒண்ணும் இல்ல. பொண்ணு வயசுக்கு வந்துட்டா."

"நாய்க்கெல்லாமா?"

"பின்ன, நாய்க்கு இன்னா மரத்துலயா குட்டி காய்க்குது?"

சொல்லிவிட்டு அவள் உளுந்தை எடுத்து ஊறவைக்கப் போனாள். உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் விட்டு, "இடுப்புக்கு நல்லதுடி" என்று பிங்கிக்கு ஊட்டியும் விட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு பிராணி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் முன்னால் நின்ற பிறகுதான் இன்னொரு சங்கடம் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது கண்டக்டரிடமும் சூப்பர்வைசரிடமும் பேசுகிற ஹிந்தி. அதில் இந்த விஷயத்துக்கு வார்த்தை கிடையாது. தமிழிலேயே "தூரம்" என்று எட்ட நின்று சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். நான் பிங்கியின் பின்பக்கத்தை டாக்டர் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் சிரித்தார். மூன்று வாரம் வெளியே விடாதே என்றார். இரண்டாவது வாரம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், ஆண் நாய் கிட்டே வந்தால் குட்டிதான் என்றார்.

குட்டி. அப்போதுதான் காகாவின் சட்டம் என் தலையில் வந்து உட்கார்ந்தது. வீட்டுக்கு வந்து சரசுவிடம் சொன்னேன். அவள் களிக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நீ கெளப்பிவுடாத. அவ போனா நானும் ஊருக்குப் போயிடுவேன், சொல்லிட்டேன். இங்க செவுத்தோட பேசிக்கினு நான் இருக்க மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

அன்றிலிருந்து வீடு கோட்டையானது. என் பழைய லுங்கியைக் கிழித்து, நான்கு முடிச்சுப் போட்டு, பிங்கிக்குக் கோவணம் கட்டினோம். அது வட்டமடித்து வட்டமடித்து அவிழ்த்தது. காம்பவுண்டுச் சுவரின் அடியில் இருந்த ஓட்டைகளைக் கல் வைத்து அடைத்தேன். கேட்டைச் சைக்கிள் சங்கிலியால் கட்டினேன். வாசனையை மறைக்கத்தான் நீலகிரித் தைலம். அது என் சொந்த யோசனை. வாசற்படி, ஜன்னல் கம்பி, மிதியடி எல்லாவற்றிலும் தெளித்தேன். தெருநாய்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது என்று நினைக்கிறேன். மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே முதல் வரிசை உட்கார்ந்திருந்தது.

ஆட்டுக்கறிக் கடை நாய் ஒன்று, காது கிழிந்தது. பேக்கரி வாசலில் படுக்கும் கிழம் ஒன்று. எழுந்து நிற்கவே கஷ்டப்படும், அதுவும் வந்திருந்தது. ராணுவ மெஸ்ஸில் சாப்பிட்டு வளர்ந்த ஒன்று மட்டும் யாரோடும் சேராமல், நெஞ்சை நிமிர்த்தித் தனியாக உட்கார்ந்திருந்தது. குரைப்பில்லை, சண்டையில்லை. ரேஷன் கடை வரிசையில் நம் ஜனங்கள் அவ்வளவு அமைதியாக நின்று நான் பார்த்ததில்லை.

காகா வந்து, "யே க்யா மீட்டிங் ஹை?" என்றார், இது என்ன கூட்டம் என்று. கறிக்கடையில் இன்றைக்கு எலும்பு போடவில்லை போலிருக்கிறது என்று சொல்லிவைத்தேன். கர்னல் என்னையும் பார்த்தார், நாய்களையும் பார்த்தார். கிரீச் கிரீச்சென்று திரும்பிப் போனார்.

கம்பெனியில் வேலை ஓடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு எதிரில் இருந்த மஞ்சள் பெட்டி எஸ்டிடி பூத்துக்கு ஓடுவேன். எங்களிடம் போன் கிடையாது. காகா வீட்டில்தான் உண்டு. அவரிடம் கேட்டுச் சரசுவைக் கூப்பிட வேண்டும். அவர் பக்கத்திலேயே நிற்க, அவள் பேச வேண்டும்.

"இன்னா, எப்பிடி கீது?"

"விருந்தாளிங்க வந்துக்கினே கீறாங்க."

"எத்தினி பேரு?"

"வாசல்ல ஆறு. செவுத்து மேல ஒண்ணு."

"செவுத்து மேலயா?"

"கறிக்கடைக்காரரு. ஏறிட்டாரு. எறங்கத் தெரியல."

காகாவுக்குத் தமிழ் தெரியாது. பெண்பிள்ளை இவ்வளவு மெதுவாகப் பேசுகிறாளே, ஊரில் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து அந்த வாரம் முழுக்க அவளிடம் அன்பாக இருந்தார். ஒரு நாள் வாழைப்பழம்கூடக் கொடுத்தாராம்.

இரண்டாவது வாரமும் பாதி கழிந்துவிட்டது. கோட்டை விழவில்லை. ஆனால் பிங்கி சோறு தின்னாமல் கதவையே பார்த்து முனகிக்கொண்டிருந்தது. சரசுவுக்குத் தாங்கவில்லை. அந்த நேரத்தில்தான் மாமி வந்தார்.

மாமி தெருக்கோடி அடுக்குமாடியில் இருந்தவர். அவர் வீட்டுக்காரர் வங்கியில் அதிகாரி. நாங்கள் இரண்டு தமிழ்க் குடும்பமும் ஒரு வருஷம் தலையாட்டிக்கொண்டதோடு சரி. பிங்கி வந்த பிறகுதான் பேச்சு. ஏனென்றால் மாமியிடம் டிங்கு இருந்தான். வெள்ளை வெளேரென்ற பொமரேனியன், முட்டிக்கால் உயரம்கூட இல்லை. அந்தக் காலத்தில் கொஞ்சம் வசதியான வீடு என்றால் ஒரு ஃபிரிட்ஜும் ஒரு பொமரேனியனும் இருக்கும். டிங்குவுக்குத் தயிர்சாதம்தான். முட்டை வாசனை பட்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான் என்று மாமி பெருமையாகச் சொல்வார்.

"கொழந்தை தனியா இருந்து இருந்து அழறதுடீம்மா. எங்காத்து டிங்குவ விட்டுட்டுப் போறேன், துணைக்கு. நான் பஜாருக்குப் போயிட்டு வந்து கூட்டிண்டு போறேன்."

"ஆம்பளை நாயாச்சே மாமி?"

"அவனா? பரம சாது. தயிர்சாதம் சாப்பிடறவன்."

சரசு யோசித்தாள். இது அவள் பின்னால் சொன்னது. கறிக்கடை நாயாக இருந்தால் அவள் துடைப்பத்தை எடுத்திருப்பாள். ஆனால் இவன் குளித்து, பவுடர் போட்டு, சாப்பிடுவதும் தயிர்சாதம். எங்களுக்கெல்லாம் அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது, சிரிக்காதீர்கள். கறி தின்றால் சூடு, அதனால்தான் கண்ட புத்தியும் வரும். தயிர் குளிர்ச்சி. அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் விட்டிருப்பேன். டிங்கு வாசற்படியில் கால் துடைத்துக்கொண்ட மாதிரி நின்று, உள்ளே வந்தான்.

அன்றைக்கு நான் சாயங்காலம் கொஞ்சம் முன்னதாக வந்துவிட்டேன். கேட்டுக்கு வெளியே விருந்தாளிகள் அப்படியே இருந்தார்கள், ஆனால் எல்லா முகமும் எங்கள் ஜன்னலைப் பார்த்தபடி. மெஸ் நாய் எழுந்து நின்றிருந்தது. உள்ளே போனேன். சுருட்டி வைத்த மெத்தையை ஒட்டி டிங்குவும் பிங்கியும் வாலோடு வால் ஒட்டி, ஒருவரையொருவர் தெரியாதவர்கள் மாதிரி எதிரெதிர்த் திசை பார்த்து நின்றிருந்தார்கள். டிங்குவின் பின்னங்கால்கள் மெத்தையின் மேல் இருந்தன. உயரத்துக்கு அதைத்தான் படியாக்கியிருக்கிறான். சரசு தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இழுக்காதய்யா. தானா வுடும். பாவம்."

அந்த நேரம் பார்த்து வெளியே கிரீச் கிரீச். தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்ல காகா வந்துகொண்டிருந்தார். நான் வாசலை அடைத்து நின்று, அவர் வாயைத் திறக்குமுன், "ஹாங் காகா, பந்த் கர்தா ஹூங் காகா, அபீ கர்தா ஹூங்", இதோ நிறுத்துகிறேன் என்று கதவைச் சாத்தினேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வேகமாக யாருக்கும் கீழ்ப்படிந்ததில்லை.

மாமி காய்கறிப் பையோடு வந்து பார்த்தார். பையைக் கீழே வைத்தார். டிங்கு எஜமானியை நிமிர்ந்து பார்த்துவிட்டு நாக்கைத் தொங்கப் போட்டான்.

"எங்காத்துல யாருக்கும் இந்தப் பழக்கமே கெடையாதேம்மா" என்றார் மாமி. பிறகு, "தயிரை மோரா நீர்க்கக் குடுத்துண்டிருந்தேனோ" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அடுத்த இரண்டு மாதத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். காலையில் எழுந்ததும் பிங்கியின் வயிற்றைப் பார்ப்பேன். இரவு வந்ததும் பார்ப்பேன். பெருத்த மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். டாக்டரிடம் கொண்டுபோனேன். அமுக்கிப் பார்த்து, "ஹோ சக்தா ஹை" என்றார். இருக்கலாமாம். அதைத்தானே நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு நிஜமாகவே வயிறு தொங்கியது. மார்க்காம்புகள் சிவந்து, ஒரு நாள் பாலும் கசிந்தது. அதற்கு மேல் என்ன சந்தேகம்?

லீவு நாட்களில் தாபோடி, கட்கி பக்கம் வீடு தேடி அலைந்தேன். நாய் என்றதும் கதவைச் சாத்தினார்கள். குட்டிகளும் வரும் என்று நான் சொல்ல வேண்டியே வரவில்லை. சரசு டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டாள். "நீ உம் பாட்டுக்குத் தேடு. பொறந்தா நானும் அதுங்களும் குடியாத்தத்துக்கு வண்டி ஏர்றோம்" என்றாள். ரயிலில் குட்டிகளை எதில் வைத்துக் கொண்டுபோவது, டிக்கெட் பரிசோதகர் கேட்டால் என்ன சொல்வது என்றெல்லாம் எனக்குக் கவலை. அவள் போய்விடுவாள் என்ற கவலையை மட்டும் நான் நேராகத் தொடவே இல்லை. மற்றதையெல்லாம் சுற்றிச் சுற்றி வந்தேன். டிங்குவின் முகச்சாயலில் ஒரு கடுவன் பிறந்தால் தானே எடுத்துக்கொள்வதாக மாமி சொல்லியிருந்தார். மீதிக்கு அவர் பொறுப்பில்லை.

ஒரு விடுமுறை நாள் காலை. பிங்கி கட்டிலுக்கடியில், டிரங்குப் பெட்டிக்குப் பின்னால், சரசுவின் பழைய புடவையைக் கால்களால் பிறாண்டி மெத்தைபோல ஆக்கி வைத்திருந்தது. குழாய் ஒழுகுகிறது என்று நான்தான் எப்போதோ சொல்லியிருந்தேன். அதைப் பார்க்க அன்றைக்கா வரவேண்டும் காகா? செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனார். வாஷரை மாற்றினார். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பும்போது கேட்டார்: "பிங்கி கிதர் ஹை?"

எங்கே என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து பிங்கியே பதில் சொன்னது. இதுவரை நாங்கள் கேட்டிராத ஒரு உறுமல். பிறகு நக்குகிற சத்தம், ஈரமாக, விடாமல்.

சரசு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொறந்துட்ச்சிய்யா" என்றாள் முணுமுணுப்பாக.

காகா மண்டியிட்டார். முட்டி இரண்டும் சடசடத்தன. ஜன்னலில் இருந்த டார்ச்சை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். நான் அதைத் தலைகீழாக நீட்டினேன். அவர் வெகு நேரம் உள்ளே பார்த்தார். எனக்குத் தாபோடி தெருக்களெல்லாம் கண்முன் ஓடின.

"ஏக் ஹீ ஹை" என்றார் கடைசியில். ஒன்றுதான் இருக்கிறது. பிறகு, குரல் மாறி: "மேரா சப்பல் ஹை."

நானும் குனிந்து பார்த்தேன். புடவை மெத்தையில், பிங்கியின் இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவில், காகாவின் வலதுகால் கோலாப்பூர் செருப்பு. அதன் வாரைத்தான் நக்கிக்கொண்டிருந்தது. மடியோடு அணைத்து வைத்திருந்தது. வேறு ஒன்றுமே இல்லை. அந்த இரண்டு மாத வயிற்றில் இருந்தது எல்லாம் அவ்வளவுதான். சில நாய்களுக்கு அப்படி வருமாம். சினையே பிடிக்காமல் எல்லாம் நடக்குமாம். டாக்டர் பிற்பாடு சொன்னார். முன்னால் சொல்லியிருக்கலாம்.

காகா கையை நீட்டினார். பிங்கி பல்லைக் காட்டியது. அவர் கையை இழுத்துக்கொண்டார். நான் ஒரு குச்சி எடுக்கப் போனேன். அப்போது சரசு அழுதாள். சத்தமில்லாமல், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு. நிம்மதியில் அழுதாளா, அந்த வயிற்றில் ஒன்றுமே இல்லாமல் போனதற்கு அழுதாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்களுக்கும் அப்போது குழந்தை இல்லை.

காகா அவளைப் பார்த்தார். கட்டிலைப் பிடித்து எழுந்தார். "ரஹ்னே தோ, பேட்டி" என்றார். இருக்கட்டும் மகளே. அந்த வார்த்தை மட்டும் சரசுவுக்கு மொழிபெயர்க்காமலே புரிந்தது. இடதுகால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காம்பவுண்டு சிமெண்டு சுடச்சுட, கர்னல் வெறுங்காலோடு முன்வீட்டுக்குப் போனார். முதல் தடவையாக அவர் நடை சத்தமில்லாமல் இருந்தது.

மறுநாளிலிருந்து ஜன்னல் பக்கம் நின்று, "பச்சா கைசா ஹை?" என்று குழந்தையை விசாரிப்பார். நல்லாக் கீது என்று சரசு தமிழிலேயே சொல்வாள். இரண்டு மூன்று நாள் கழித்து இடதுகால் செருப்பையும் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். "அகேலா ரோயேகா" என்றார். தனியாக இருந்தால் அழுமாம். அவர் எதற்குச் சொன்னாரோ. பிங்கி அதையும் இழுத்து அணைத்துக்கொண்டது. பாசம் எல்லாம் தீர்ந்த ஒரு நாள் இரண்டையும் வார் வாராகக் கடித்துத் தின்றுவிட்டது. காகா ரப்பர் செருப்புக்கு மாறினார். அதன் பிறகு அவர் வருவது யாருக்கும் தெரியாது, திடீரென்று நிற்பார். எனக்கு அது ஒரு புதுக் கவலை.

சரசு டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றிவிட்டாள். பிங்கிக்கு இனி குட்டி பிறக்காமலிருக்க ஆபரேஷன் செய்து கூட்டிவந்தோம். ஆட்டோவில் மாமியும் கூட வந்து, வழியெல்லாம் அதன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். நாங்கள் அந்தப் பின்வீட்டிலேயே வெகு காலம் இருந்தோம். என் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள்.

இப்போது அந்த இடத்தில் எட்டு மாடி நிற்கிறது. காகா போய்ச் சேர்ந்தார், மாமி குடும்பம் சென்னைக்குப் போனது. பொமரேனியன்கள் எங்கே போயின என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் எல்லா வீட்டிலும் இருந்தன, பிறகு ஒரு வீட்டிலும் இல்லை. தெருநாய்கள் இருக்கின்றன, காதில் சின்ன வெட்டோடு. முனிசிபாலிட்டி ஆபரேஷன் செய்ததற்கு அடையாளம். எந்தக் கேட் வாசலிலும் அவற்றுக்கு இப்போது காத்திருக்க ஒன்றுமில்லை. நாளெல்லாம் தூங்குகின்றன.

பிங்கிக்குக் கடைசிவரை தமிழ் மட்டும்தான் தெரியும். சரசு பேசி வளர்த்த நாய். ஹிந்தியில் கூப்பிட்டால் காதைக்கூட அசைக்காது. அதனால் என் பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் தெருவில் மராத்தியும், நாங்கள் தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதிலுமாக வளர்ந்தவர்கள், அதற்காகத் தமிழ் கற்றுக்கொண்டார்கள். வா. போ. உக்காரு. கடிக்காத. சும்மா இரு. படுடி. எண்ணினால் ஒரு பத்து வார்த்தை இருக்கும். குடியாத்தத்திலிருந்து என் பெரியப்பா வந்தபோது, பெரியவன் மரியாதையாக நாற்காலியைக் காட்டி, "உக்காரு" என்றான். அவர் உட்கார்ந்தார். சின்னவள், "சும்மா இரு" என்றாள். சும்மா இருந்தார். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்களே என்ற பெருமை ஒரு பக்கம்.

பிங்கி முதுமையில், தூக்கத்திலேயே போனது. அதற்குப் பிறகு நாங்கள் நாய் வளர்க்கவில்லை. சரசு இப்போது மராத்தியில் கறிகாய்க்காரனோடு சண்டை போட்டு ஜெயிக்கிறாள். இருந்தாலும் சில நாள் சாப்பாட்டு நேரத்தில் மறந்துபோய் உள்ளேயிருந்து, "வாங்க, சோறு ஆறுது" என்று தமிழில் குரல் கொடுப்பாள். பிள்ளைகள் காதில் ஒயரோடு உட்கார்ந்திருப்பார்கள். நான் மட்டும் எழுந்து போவேன்.